ஆண்டனி ராஜ் தேர்ந்தெடுத்த அச்சு

மலைச்சாலைக் கனரக ஊர்தி அச்சு ஒழுங்கு வாரியம் தேனியில் அலுவலகம் திறந்த முதல் மாதத்தில் உள்ளே வந்த பொதுமக்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் கல்யாணப் பத்திரிகை அடிக்க என்ன ரேட் என்று கேட்க வந்தவர்கள். இரண்டு பேர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தவர்கள். வாசல் பலகையில் 'அச்சு வாரியம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் பெரிதாக இருந்ததால் வந்த குழப்பம் இது. செயலாளர் வைகுண்டராஜ் இதைச் சும்மா விடவில்லை. துணைக்குழு அமைத்தார். மூன்று முறை கூடிப் பேசி, பலகையில் ஒரு லாரிப் படம் வரைவது என்று முடிவானது. படத்தில் லாரிக்கு எத்தனை சக்கரம் இருக்கவேண்டும் என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததால் படம் இன்னும் வரையப்படவில்லை.

எந்த மலைக்கு, எவ்வளவு சுமைக்கு, எத்தனை அச்சுள்ள லாரி போகலாம் என்று முடிவு செய்வதும், போகிற லாரிகளுக்கு அச்சுத் தகுதிச் சான்று கொடுப்பதும்தான் வாரியத்தின் வேலை. அதனால் லூர்து மேரி அங்கே வந்தது சரியான இடத்துக்குத்தான். அவளைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து நின்று, "கண்ணீர் அஞ்சலியாம்மா? அது அடுத்த தெரு" என்றார்.

"இல்லய்யா. எங்க வீட்டுக்காரரு லாரி டிரைவரு. குமுளி மலையில இறந்துட்டாக" என்றாள்.

லூர்து மேரி இராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டும் வேலை செய்தாள். அவள் கணவன் ஆண்டனி ராஜ் பதினாலு சக்கர லாரி ஓட்டினான். கேரளாவிலிருந்து ரப்பர் மரத் தடி ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வந்து, பிளைவுட் கம்பெனியில் இறக்குவான். அந்த லாரிக்கு ஐந்து அச்சு. அதில் ஒன்றை மட்டும் தூக்கவும் இறக்கவும் முடியும். காலி வண்டியாகப் போகும்போது டயர் தேயக்கூடாது என்று தூக்கி வைப்பார்கள். லோடு ஏறியதும் பட்டனை அழுத்தி இறக்குவார்கள். டிரைவர்கள் அதை 'லிப்ட்டு' என்பார்கள். வாரியம் 'தூக்கு அச்சு' என்றது.

ஆண்டனி ராஜின் வண்டியில் லிப்ட்டை அழுத்தி இறக்கும் காற்றுப் பை கிழிந்து ஏழு மாதமாகியிருந்தது. கிழிந்த நாளிலிருந்து அச்சு பாதியில் தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. முதலாளி ஒரு இரும்புச் சங்கிலியைக் கொடுத்து மேலே இழுத்துக் கட்டச் சொன்னார். புதுப் பை வரும் வரைக்கும்தான் என்றார். அதன்பிறகு லோடு ஏறினாலும் அந்த அச்சு மேலேயேதான் இருந்தது. ஐந்து அச்சு தாங்கவேண்டியதை நாலு தாங்கின. ஐந்து அச்சின் பிரேக் நிறுத்த வேண்டியதை நாலு நிறுத்தின.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஏலத்தோட்ட வேலை முடிந்து பெண்கள் ஜீப்பில் மலை இறங்கும் நேரம். ஆண்டனி ராஜின் வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. லாரி ஜீப்பைத் தொடாமல் பாறையில் போய் மோதியது. தடிகள் சரிந்து கேபினுக்குள் இறங்கின.

மூன்றாம் வாரம் வாரியத்தின் அறிக்கை வந்தது. பேப்பரிலும் போட்டார்கள். 'காரணம்: ஓட்டுநர் அலட்சியமாகத் தவறான அச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்தது.' பிளஸ் டூ படிக்கும் மகள் ஷெரின் அதை வாசித்துவிட்டு, பேப்பரை எட்டாக மடித்துப் பாட நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள்.

"அலட்சியம்னா, அப்பா வேணும்னே செஞ்சாகளாம்மா?"

அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடச் சொல்லத்தான் லூர்து மேரி தேனிக்கு பஸ் ஏறினாள்.

செயலாளர் வைகுண்டராஜ் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"சார், அவுக தேர்ந்தெடுக்கல. சங்கிலி போட்டுக் கட்டியிருந்துச்சு. மொதலாளிகிட்ட பத்துத் தடவ சொன்னாக. வீட்டுல சாப்பிடுறப்பக்கூட அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாக."

"சாப்பாட்டு நேரத்தில் பேசியது பதிவேட்டில் வராதும்மா" என்றார் வைகுண்டராஜ் வருத்தத்துடன். "அவர் எழுத்துமூலமாகக் கொடுத்திருந்தால் நாங்கள் கண்டிப்பாகக் கோப்பில் சேர்த்திருப்போம். எங்களிடம் அதற்கென்று தனிக் கோப்பே இருக்கிறது. அது காலியாக இருப்பதே இந்த மாவட்டத்தில் எல்லா அச்சும் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு ஆதாரம்."

"நாலு மாசத்துக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல இருந்து வண்டியப் பாத்து சர்டிபிகேட் குடுத்தாகளே சார். அப்பவும் சங்கிலி இருந்துச்சே?"

செயலாளர் மணியடித்து ஆய்வாளர் அஜய்குமாரை வரவழைத்தார். இளவயது. சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட் இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆமாம், நான்தான் பார்த்தேன். குனிந்தே பார்த்தேன். அச்சு மேலே இருந்தது. மேலே இருப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நிலை. கீழே இருப்பதும் அனுமதிக்கப்பட்ட நிலை. பாதியில் தொங்கினால்தான் குற்றம். அது தொங்கவில்லை. ஏனென்றால் சங்கிலி மிக நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன், 'உறுதி' என்று. இரண்டு நிலையில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பது ஓட்டுநரின் உரிமை. அதில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை. வாரியம் ஓட்டுநர்களின் சுதந்திரத்தை மதிக்கிறது."

லூர்து மேரிக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் என்ன என்றுதான் புரியவில்லை.

"அப்ப மறுபடியும் விசாரிங்க சார். ஜீப்புல வந்தவுக இருக்காகள்ல. அவுகளக் கேளுங்க."

வைகுண்டராஜுக்கு விசாரணை என்றால் பிடிக்கும். நாள் குறித்தார்.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம்மாள் வந்தாள். அன்றைக்குத் தோட்டக் கூலியை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜீப்பின் பின்கதவு ஓரத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து உறுப்பினர்கள். ஐந்து பேர் முன்னாலும் ஐந்து முந்திரித் தட்டு.

"ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தாக சார். நான் திரும்பிப் பாத்தேன். கைய வெளிய நீட்டி ஒதுங்கு ஒதுங்குன்னு ஆட்டுனாக. எங்கன ஒதுங்குறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்த மனுசன் எங்களப் பாத்தாக. எத்தனை பேரு இருக்கோம்னு எண்ணுன மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் ஸ்டீரிங்க பாறைப் பக்கம் ஒடிச்சாக."

"சரி. அப்போது லாரியின் தூக்கு அச்சு மேலே இருந்ததா, கீழே இருந்ததா?" என்றார் வைகுண்டராஜ்.

"அது தெரியல சார்."

"மொத்தம் எத்தனை சக்கரம் தரையில் இருந்தன?"

"நான் சக்கரத்தப் பாக்கல சார். மொகத்தத்தான் பாத்தேன்."

"முகம் எங்கள் வாரியத்தின் வரம்புக்குள் வராது" என்றார் செயலாளர். "ஜீப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள்?"

"பதினாலு பேரு."

உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "அந்த வகை ஜீப்புக்கு அனுமதி ஒன்பது பேர். நீங்கள் எத்தனையாவதாக ஏறினீர்கள்?"

பஞ்சம்மாள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "கடைசியாத்தான் சார் ஏறுனேன். அதான் கதவு ஓரம்."

"அப்படியானால் பதினாலாவது ஆள். சட்டப்படி அந்த ஜீப்பில் பதினாலாவது ஆளே கிடையாது. இல்லாத இடத்திலிருந்து பார்த்ததை நாங்கள் எப்படிப் பதிவு செய்வது?"

"நான் இருந்ததுனாலதான சார் உயிரோட இங்கன நிக்கிறேன்" என்றாள் பஞ்சம்மாள். அவளுக்கே அது சரியான பதில்தானா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் லூர்து மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா, என்னைய மன்னிச்சிரு. அந்தச் சக்கரத்த ஒரு தடவ பாத்திருக்கலாம்ல நான்" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவதிலேயே லூர்து மேரிக்கு அன்றைய பொழுது போய்விட்டது. தான் அழ நேரம் கிடைக்கவில்லை.

விசாரணைக்குப் பிறகு வாரியம் தன் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தது. 'ஓட்டுநர் பாறையின்மீது மோதாமல் இருந்திருந்தால் இவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம்.'

மேல்முறையீடு உண்டு என்று சொன்னவள் அங்கே கிளார்க்காக இருந்த ஜெனிபர். மேசைக்கு அடியில் மதிய சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா அக்கா, அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். தவறாத் தேர்ந்தெடுத்தவுக 'சரியான அச்சுத் தேர்வு' பயிற்சி முகாமுக்கு வந்து முடிச்சிருக்கணும். முடிச்சாத்தான் மேல்முறையீடு வாங்குவாக."

"யாரு முடிச்சிருக்கணும்?"

"அவுகதான்." ஜெனிபர் ஒரு காகிதத்தை நகர்த்தினாள். திரு. ஆண்டனி ராஜ், ஓட்டுநர் என்று முகவரி போட்டிருந்தது. வரும் பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு முகாமுக்கு வரவேண்டும். வராவிட்டால் உரிமம் ரத்து செய்யப்படும். உணவு வழங்கப்படும்.

"அவுக இறந்ததுக்குத்தானம்மா இந்த ரிப்போர்ட்டே?"

"இறந்தவுக லிஸ்டு வேற செக்சன்க்கா. எங்ககிட்ட இருக்கிறது தவறாத் தேர்ந்தெடுத்தவுக லிஸ்டு. ரெண்டையும் சேத்துப் பாக்கக்கூடாதுன்னு ஆர்டர்." ஜெனிபரின் கண் கலங்கியிருந்தது. "வாரிசுச் சான்று வெச்சு நீங்க வரலாம்க்கா. நான் எழுதிக்கிறேன்."

வாரிசுச் சான்று வாங்க நாற்பது நாள் ஆனது. முதல் முகாம் போய், அடுத்த முகாமில்தான் லூர்து மேரிக்கு இடம் கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்பத்தொரு டிரைவர்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். மார்பில் ஒரு அட்டை குத்தினார்கள். அதில் ஆண்டனி ராஜ் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அட்டையில் லிங்கேஸ்வரன் என்று இருந்தது.

மேடையில் அஜய்குமார் ஒரு மர லாரி பொம்மையை வைத்துக்கொண்டு பேசினார். பொம்மையின் அச்சு அழகாக ஏறி இறங்கியது.

"லோடுடன் மலை இறங்கும்போது தூக்கு அச்சு கீழே இருக்கவேண்டும். அவ்வளவுதான் பாடம். மேலே இருந்தால் என்ன ஆகும்? மற்ற பிரேக்குகள் சூடாகும், பிறகு பிடிக்காது. அது தெரிந்த நேரத்திலிருந்து மோதும் வரை ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. ஒன்றரை நிமிடம் என்பது மிக நீண்ட நேரம், நண்பர்களே. ஒரு பட்டனை அழுத்த ஒரு விநாடி போதும். அப்படியானால் தொண்ணூறு வாய்ப்புகள்! தொண்ணூறையும் ஒருவர் தவறவிடுகிறார் என்றால் அதற்குப் பெயர் என்ன?"

முன்வரிசையில் யாரோ அடித்தொண்டையில், "அலட்சியம்" என்றார். அஜய்குமார் அவருக்கு ஒரு பேனா பரிசளித்தார்.

லூர்து மேரி எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார். பட்டன அழுத்தியும் இறங்கலைன்னா?"

"அழுத்தினால் இறங்கும்மா." பொம்மையில் அழுத்திக் காட்டினார். இறங்கியது.

"சங்கிலி போட்டுக் கட்டியிருந்தா?"

"கட்டியிருப்பது பராமரிப்புப் பிரிவு. இது தேர்வுப் பிரிவு. இன்றைய பாடத்தில் எல்லா அச்சும் இறங்கும்."

அப்போது லிங்கேஸ்வரன் எழுந்தான்.

"சார், என் வண்டியிலயும் கட்டித்தான் வெச்சிருக்கு. அஞ்சு மாசமாச்சு."

பின்வரிசையிலிருந்து இன்னொருவர் எழுந்தார். வயதான டிரைவர். "எனக்கு கம்பி வெச்சுக் கட்டியிருக்கு" என்றார். அப்புறம் சுவரோரமாக இரண்டு பேர். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாமல், ஒவ்வொருவராக எழுந்தார்கள். பதினொரு பேர் நின்றார்கள். இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று லூர்து மேரி நினைத்தாள்.

அஜய்குமார் ஒவ்வொருவரின் பெயரையும் கவனமாக எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார், "உண்மையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பதினொரு பேரும் தவறான தேர்வு செய்யும் போக்கு உடையவர்கள் என்று பதிவாகிறது. உங்களுக்கு அடுத்த மாதம் இரண்டாம் கட்டப் பயிற்சி."

சாப்பாட்டுக்குப் பிறகு பரீட்சை நடந்தது. பத்துக் கேள்வி. லூர்து மேரி பத்துக்கும் சரியாக எழுதினாள். ஏழு மாதம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த பாடம்தான். செயலாளரே வந்து சான்றிதழ் வழங்கினார். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். 'திரு. ஆண்டனி ராஜ் சரியான அச்சு அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முழுத் திறன் பெற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது. இச்சான்று அவரது ஆயுட்காலம் முழுவதும் செல்லும்.'

ஷெரின் அதை இரண்டு தடவை வாசித்தாள். "நல்லாத்தானம்மா போட்டிருக்காக" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் தட்டில் போட்டதை முழுதாகச் சாப்பிட்டாள்.

சான்றிதழை இணைத்து மேல்முறையீடு கொடுத்தார்கள். ஷெரின்தான் எழுதினாள். ஒரு வாக்கியம்தான். 'என் அப்பா அலட்சியமானவர் இல்லை என்று மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

மாசி பிறந்து பதிலுக்குக் கூப்பிட்டார்கள். வைகுண்டராஜ் அவளை நிற்கவைக்கவில்லை. இந்தத் தடவையும் தண்ணீர் வந்தது.

"உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்றார்.

லூர்து மேரி கைகூப்பினாள்.

"'அலட்சியம்' என்ற சொல்லை நீக்கிவிட்டோம். நீங்கள் சொன்னது நியாயம். அலட்சியம் என்பது தெரியாமல் செய்வது. உங்கள் கணவர் தெரியாதவர் அல்ல. பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறார். எங்கள் கையெழுத்துப் போட்ட சான்றே இருக்கிறது. சரியான அச்சு எது என்று முழுமையாக அறிந்த ஒருவர் தவறானதைத் தேர்ந்தெடுத்தால்..." அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, விரலால் காட்டினார். 'அலட்சியமாக' என்று இருந்த இடத்தில் 'தெரிந்தே' என்று இருந்தது.

"சார், அந்தப் பரீட்சைய நான்ல எழுதுனேன்."

"அதைச் சொல்லாதீர்கள்" என்று வைகுண்டராஜ் கனிவாகச் சொன்னார். "ஆள்மாறாட்டம் ஆகிவிடும். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். மேற்கொண்டு மேல்முறையீடு இல்லை."

ஜெனிபர் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். காகிதத்தை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

லூர்து மேரி வெளியே வந்து சாலையோரம் நின்றாள். இரண்டு பஸ் போயிற்று. ஷெரினிடம் இதை எப்படிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு ஏறாமல் நின்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை மத்தியானத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டுமென்றேவா என்று கேட்ட பிள்ளை. ஆமாம் என்று முத்திரை போட்டு இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு பதினாலு சக்கர லாரி அவளைத் தாண்டிப் போய் ஓரமாக நின்றது. லிங்கேஸ்வரன் இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, நீங்கதானா? காலி வண்டி, குமுளிக்குத்தான் போறேன். உத்தமபாளையத்துல விட்டுர்றேன், வாங்க."

அவள் அவ்வளவு உயரமான வண்டியில் ஏறியதே இல்லை. கைப்பிடி எது என்று காட்டி, ஏற்றிவிட்டான். இருபது வருசம் டிரைவருக்குப் பெண்டாட்டியாக இருந்தும், கேபினுக்குள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் சாலை முழுவதும் தெரிந்தது. முன்னால் போகிற ஆட்டோவுக்குள் இருக்கிற தலைகள்கூடத் தெரிந்தன.

வண்டி வீரபாண்டியைத் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"காத்துப் பை மாத்திட்டாகளா தம்பி?"

"இல்லக்கா. இப்ப ரெண்டு சங்கிலி." கியரை மாற்றிவிட்டுச் சொன்னான், "ரெண்டாவது பயிற்சியும் முடிச்சிட்டேன்."

"அந்தப் பட்டன் எங்கன இருக்கு?"

அவன் காட்டினான். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டன். விரல் பட்டுப் பட்டு அதன்மேல் இருந்த படம் அழிந்திருந்தது. அவன் அழுத்தினான். பட்டனுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"எறங்கிருச்சுன்னு சொல்லுதுக்கா. ஆனா எறங்கல. விளக்கு மட்டும் எரியும்."

லூர்து மேரி அந்த விளக்கையே பார்த்தாள்.

"அவுகளுக்கும் எரிஞ்சிருக்குமா?"

லிங்கேஸ்வரன் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எரிஞ்சிருக்கும்க்கா."

"நான் ஒரு தடவ அழுத்திப் பாக்கவா?"

"அழுத்துங்கக்கா."

அவள் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, கையை நீட்டி அழுத்தினாள். விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினாள். எரிந்தது. கீழே எதுவும் அசையும் சத்தம் கேட்கிறதா என்று காதைச் சாய்த்தாள். மறுபடி அழுத்தினாள். சின்னமனூர் வந்தது, போனது. வயலும் தென்னையும் போயின. லிங்கேஸ்வரன் போதும் என்று சொல்லவில்லை. உத்தமபாளையம் பைபாஸில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். அவள் இறங்கவேண்டிய இடம் வந்ததைக் கவனிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.